பால்வினை நோயும் இணையர்க்கு அறிவித்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

பால்வினை நோய்த் தடுப்பின் வரலாறு கட்டாயத்திலிருந்து இணக்கத்தை நோக்கி நகர்ந்துள்ளது எனலாம். 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் பாலியல் தொழில்புரிந்த பெண்களைப் பதிவுக்கும் மருத்துவச் சோதனைக்கும் உட்படுத்தியது. அவர்களை நாடிய ஆடவரை விட்டுவிட்டது. 1888இல் அது நீக்கப்பெற்றது. சென்னை மாகாணத்துக் கோட்டைக் கொச்சியை அடுத்திருந்தும், கொச்சி மன்னராட்சிக்குட்பட்ட மட்டாஞ்சேரி இச்சட்ட எல்லைக்கு அப்பாற்பட்டது. நோய்க்கு அவ்வெல்லை இருந்ததில்லை.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமோ இரு பகுதிக்கும் பொதுவானது. நோயாளியே இணையரிடம் கூறுமாறு ஆற்றுப்படுத்துவதை அது முதற்படியாக்குகிறது. தொற்றும் ஆபத்து மிகுந்திருந்து, அவர் கூறமாட்டார் என உறுதியானால், அவருக்கு முன்னறிவித்து மருத்துவர் தெரிவிக்கலாம். ஆயினும், வன்முறைக்கோ கைவிடப்படுதலுக்கோ ஆளாகும் அச்சமுள்ள பெண்ணின் இணையருக்கு அறிவித்தலாகாது. அன்று கண்காணிக்கப்பட்டவள் இங்குக் காக்கப்படுகிறாள். அச்சம் நீங்கிய இடத்திலேயே அறிவித்தல் இயலும் என்பது இவ்வரலாறு தரும் முடிபாகும்.