தீவுக் கிணறு வற்றுவதற்கு முன் உவர்க்கும்: அனலைதீவில் கோடையைத் தாண்டும் வீட்டுத்தோட்டம்

ஊர்காவற்றுறையில் இருந்து படகில் சென்று சேரும் அனலைதீவு, 5 சதுர கிலோமீற்றருக்கும் குறைவான நிலப்பரப்பைக் கொண்டது. இங்கு ஆறு இல்லை. வீதியால் தண்ணீர் பவுசர் வந்து சேரப் பாலமும் இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மழைதான் குடிநீருக்கும் தோட்டத்துக்கும் ஆண்டு முழுவதற்குமான பிரதான வரவு.

அந்த மாரி பொய்த்தால் என்ன நடக்கும் என்பதை 2016 இறுதியிலும் 2017 இலும் நாடு கண்டது. 40 ஆண்டுகளில் மிக மோசமானது எனக் கணிக்கப்பட்ட அந்த வறட்சியில் யாழ்ப்பாண மாவட்டமும் பாதிக்கப்பட்டது.

வன்னியில் வறட்சி என்றால் கிணறு வற்றும். தீவில் அதற்கு முன்பே கிணறு உவர்த்துவிடும். வற்றிய கிணறு அடுத்த மாரியில் ஊறும். உவர்த்த கிணறு தேறுவதற்குப் பல மாரிகள் தேவைப்படலாம். ஆகவே தீவில் ‘தண்ணீரைச் சேமிப்பது’ என்பது எவ்வளவு இறைக்கிறோம் என்பதோடு, எப்படி இறைக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

நிலத்தடியில் நடப்பது

குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகள் வழியே இறங்கி, நிலத்தடியில் உள்ள உவர்நீருக்கு மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. இந்த மிதப்புக்கான விதியை நெதர்லாந்தின் பாடன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க் 1901 இலும் வெளியிட்டனர். ஹேர்ஸ்பேர்க் ஆராய்ந்ததும் வடகடலோரத் தீவுகளைத்தான்.

விதி எளிமையானது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பார்த்தால் ஆபத்துப் புரியும். நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், உவர்நீர் 4 மீற்றர் வரை மேலேற இடமுண்டு. சிறிய தீவுகளில் நன்னீர்ப் படை இந்தக் கணக்கை விடவும் மெல்லியதாகவே இருக்கும்.

இறைக்கும் முறை

துலாவில் ஆள் ஏறி மிதிக்க, பட்டையால் இறைத்த காலத்தில் கிணற்றுக்குத் தானாகவே ஓய்வு கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் அந்த ஓய்வை இல்லாமல் செய்தது. ஒரே மூச்சில் இறைக்கும்போது, கிணற்றின் அடியில் உள்ள உவர்நீர் கூம்பு போல மேலெழும்புகிறது.

- ஒரு மணி நேரம் தொடர்ந்து இறைப்பதற்குப் பதிலாகக் காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம் எனப் பிரித்து இறையுங்கள்.
- உறிஞ்சு குழாயின் வாயைக் கிணற்றின் அடியில் விடாமல், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.
- தண்ணீர் குறைந்தால் கிணற்றை ஆழமாக்காதீர்கள். வேறு இடங்களில் அது தீர்வாகலாம். தீவில் அது உவர்நீருக்கு வழி திறந்துவிடும்.
- முடிச்சிட்ட கயிற்றால் வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து, கலண்டரில் குறித்து வையுங்கள். அதே நாளில் நீரைச் சுவைத்தும் பாருங்கள். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும் அளவில் நாக்குக்கு உப்புத் தெரியத் தொடங்கும். அப்போது முதலில் நிறுத்த வேண்டியது தோட்டத்துக்கான இறைப்பு.

பாத்தியும் மூடாக்கும்

சோளகம் வீசும் மாதங்களில் காற்றே மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் கொண்டுபோகும். கிடுகு வேலியோ பனையோலை வேலியோ காற்று வரும் தென்மேற்குப் பக்கத்தில் இருந்தால், செடியின் தண்ணீர்த் தேவை குறையும். பாத்தியை மேடாக அமைக்காமல் நிலமட்டத்துக்குக் கீழே பள்ளமாக அமைத்தால், ஊற்றும் நீர் வேர்ப்பகுதியை விட்டு ஓடாது.

பனையோலையை மண்ணில் தாழ்ப்பது யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் பழைய வழக்கம். ஓலை உக்கிப் பசளையாவதோடு ஈரத்தையும் பிடித்து வைக்கும். மேலே சருகு, வைக்கோல், பொச்சுமட்டை ஆகியவற்றை நான்கு விரல் தடிப்பில் பரப்புங்கள். தண்டில் முட்டாமல் சிறிது இடைவெளி விடுங்கள்.

முட்டிப் பாசனம்

மெருகிடாத மண்முட்டியைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், முட்டியின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். மண் காய்ந்திருந்தால் கசிவு கூடும், ஈரமாக இருந்தால் குறையும். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட வேளாண் நூலில் இம்முறை பதிவாகியுள்ளது. முட்டியைச் சுற்றி நான்கு கத்தரியோ மிளகாயோ நடலாம். உவர்த்தன்மை உள்ள நீரை ஊற்றினால் துளைகள் நாளடைவில் அடைபடும். முட்டியை இடையிடையே எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

எதை நடுவது

போஞ்சி, கரட், வெங்காயம் ஆகியவை உப்பை மிகக் குறைவாகவே தாங்கும். வெங்காயம் தாங்கும் அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் பீற்றூட் தாங்கும். பயற்றை, தக்காளி ஆகியவையும் வெங்காயத்தை விடத் தாக்குப் பிடிப்பவை. உப்பைத் தாங்காத பயிர்களை மாரியை ஒட்டி நட்டு, கோடைக்கு முன் அறுவடையை முடித்துவிடுவது பாதுகாப்பு. கோடையில் முருங்கையும் தென்னையும் தோட்டத்தைத் தாங்கட்டும்.

கழுவிய நீர்

அரிசி, மரக்கறி கழுவிய நீரை எந்தச் செடிக்கும் ஊற்றலாம். குளித்த நீரையும் சவர்க்கார நீரையும் வாழை, தென்னை போன்றவற்றுக்கு மாற்றி மாற்றி விடலாம். கீரைப் பாத்திக்கு விடக்கூடாது. சலவைத்தூளில் சோடியம் அதிகம் என்பதால், உப்பேறும் மண்ணில் அந்த நீரைத் தவிர்ப்பது நல்லது. கழுவிய நீரை ஒரு நாளுக்கு மேல் சேமித்து வைக்க வேண்டாம்.

மாரியிலேயே தொடங்கும் வேலை

1 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் கிடைக்கும். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 4,000 லீற்றர் மிஞ்சும். ஒரு நாளைக்கு 40 லீற்றராகச் செலவழித்தால், சிறிய வீட்டுத்தோட்டம் ஒன்றுக்கு அது 100 நாள் தண்ணீர்.

முதல் மழையில் கூரை அழுக்கு வரும். அந்த நீரை வெளியே விட்ட பின்பே தாங்கிக்குத் திருப்ப வேண்டும். நுளம்பு புகாத வலையால் தாங்கியை மூடுங்கள். தாங்கி நிரம்பி வழியும் நீரை ஒழுங்கைக்கு விடாமல், கல்லும் மணலும் நிரப்பிய குழிக்குள் இறக்குங்கள். நேரே கிணற்றுக்குள் விடக்கூடாது. சுண்ணாம்புக்கல் அழுக்கை வடிகட்டாது, வெடிப்பு வழியே அப்படியே கடத்திவிடும்.

2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அத்தகைய நீர் செலவு கூடியது, குடிப்பதற்கானது. கத்தரிக்கும் முருங்கைக்கும் தீவில் உள்ளது மழையும் கிணறும் மட்டுமே. ஒரு வளவின் கிணற்றில் இயந்திரம் நீண்ட நேரம் ஓடினால் பக்கத்து வளவின் கிணறும் உவர்க்கலாம். ஆகவே இறைக்கும் நேரத்தை அயலவர்கள் கூடிப் பேசிப் பிரித்துக்கொள்வதும் தண்ணீர்ச் சேமிப்புத்தான்.