குட்டைப் பாசிக்கு ஆலம் போடலாமா?

பண்ணைக்குட்டைத் தண்ணீர் கரும்பச்சையாகி, மேலே பாசி ஏடாகத் திரண்டால், பெரும்பாலும் மணிச்சத்து அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று பொருள். வயலுக்கு இட்ட டி.ஏ.பி., மாட்டுக்கொட்டகைக் கழிவு எல்லாம் மழைநீரோடு அங்கேதான் வந்து சேர்கின்றன. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான்.

பலர் உடனே மயில்துத்தம் போடுகிறார்கள். பாசி சாகும். ஆனால் அது அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து மீனும் சாகலாம். சத்து தண்ணீரிலேயே தங்குவதால் மறுபடி பாசி வரும். தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும் அலுமினியம் சல்பேட், அதாவது ஆலம், பஞ்சுபோல் திரண்டு, கரைந்த மணிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். தழைச்சத்தை அது எடுக்காது.

லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் தேவைப்படும். ஒரு ஏக்கர் குட்டையில் 1 மீட்டர் ஆழத் தண்ணீர் சுமார் 40 லட்சம் லிட்டர்; 25 மில்லிகிராம் கணக்கில் 100 கிலோ ஆகும். ஆனால் நேராகக் குட்டையில் கொட்டிவிடாதீர்கள். ஆலம் தண்ணீரை அமிலமாக்கும். பி.எச். 6-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து மீனின் செவுளைத் தாக்கும். காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கும் குறைவான தண்ணீரில் இந்த ஆபத்து அதிகம்.

முதலில் வாளியில் பாருங்கள். 10 கிராம் ஆலத்தை 1 லிட்டர் நீரில் கரைத்து, அதில் 25 மி.லி. எடுத்து 10 லிட்டர் குட்டைத் தண்ணீரில் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து பி.எச். தாளில் 6-க்கு மேல் இருந்தால் சரி. குறைந்தால், முதலில் சுண்ணாம்புக்கல் தூள் இட்டுக் காரத்தன்மையை ஏற்றியபிறகே ஆலம். குட்டைக்கும் கரைத்துத்தான் பரவலாகத் தெளிக்க வேண்டும். மீன் வாய் பிளக்கும் நாளில் வேண்டாம்.

மீன் குட்டையில் இளம்பச்சை நிறம் இருக்கட்டும். அது மீனுக்குத் தீனி. முழங்கை வரை கையை விடும்போது உள்ளங்கை தெரிந்தால் ஆலம் தேவையே இல்லை.

கழிவு வரும் வாய்க்காலை அடைக்காமல் ஆலம் போடுவது வீண்செலவு. அடுத்த மழையிலேயே புதுச்சத்து வந்துவிடும். ஊர்ப் பொதுக்குளத்தில் ஊராட்சி, நீர்வளத்துறை அனுமதியின்றி எதையும் கலக்கக் கூடாது. கோடையில் குட்டை வற்றினால் வண்டலை அள்ளி வயலுக்கு அடியுங்கள். ஓடிப்போன மணிச்சத்தில் ஒரு பங்காவது வயலுக்கே திரும்பும்.