ஜேம்ஸ் கெல்லி: ஆடுகளத்திலிருந்து நிர்வாகக் குழுவுக்கு

1888 மே 19 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் கொட்டும் மழைக்கும் இடிக்கும் நடுவே ஓர் ஆட்டம் நடந்தது. ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றிருந்த ரென்டன் அணி, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனை 4–1 என்று தோற்கடித்தது. சாயத் தொழிலை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூரின் அணி அது. அந்த வெற்றிக்குப் பிறகு ரென்டன், ‘உலகச் சாம்பியன்’ என்று தன் டான்டைன் பார்க் மைதானத்தில் எழுதி வைத்துக்கொண்டது. ஒன்பது நாள் கழித்து, மே 28 அன்று, அந்த அணியின் தூணாக விளங்கிய ஜேம்ஸ் கெல்லி வேறோர் அணிக்காகக் களம் இறங்கினார். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் புதிதாகத் தோன்றியிருந்த செல்டிக்கின் முதல் ஆட்டம் அது. ரேஞ்சர்ஸை 5–2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் கெல்லியும் ஒரு கோல் அடித்தார்.

ஓர் ஆட்டக்காரர் அணி மாறுவது இன்று அன்றாடச் செய்தி. 1888இல் ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரருக்கு ஊதியம் தருவதே விதிமீறல். விதி அப்படி இருக்க, ரென்டனில் பிறந்து வளர்ந்த ஒருவர் புகழின் உச்சியில் ஊரை விட்டு ஏன் வந்தார், வந்தவர் எப்படி மதுக்கடை உரிமையாளராகவும், செல்டிக்கின் இயக்குநராகவும், பின்னர் தலைவராகவும் உயர்ந்தார் என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது. ஆட்டத்துக்குள் பணம் எந்த வழியாக நுழைந்தது என்பதற்குக் கெல்லியின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று அந்தத் தலைமுறையில் அரிது.

கெல்லி 1865 அக்டோபரில் ரென்டனில் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தார். லோமண்ட் ஏரியிலிருந்து டம்பார்டன் வரை ஓடும் லெவன் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் அது. ஆற்றின் தெளிந்த நீரை நம்பி அங்கே ‘துருக்கிச் சிவப்பு’ எனப்பட்ட சாயம் தோய்க்கும் ஆலைகள் பெருகின. அந்தச் சிவப்புத் துணிக்கும் நூலுக்கும் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று இந்தியா. லெவன் பள்ளத்தாக்கின் தொழிலாளர் வீடுகளில் அடுப்பெரிந்ததற்கு இந்தியக் கடைத்தெருக்களும் ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது.

இந்தச் சின்னஞ்சிறு வட்டாரம் ஸ்காட்லாந்துக் கால்பந்தை ஆண்ட காலம் ஒன்று உண்டு. வேல் ஆஃப் லெவன் 1877, 1878, 1879 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வென்றது. 1883இல் டம்பார்டன் வென்றது. 1885இலும் 1888இலும் ரென்டன். 1888 இறுதியாட்டத்தில் கேம்பஸ்லாங்கை ரென்டன் 6–1 என்று சிதறடித்தது. கெல்லி அந்த அணியின் சென்டர் ஹாஃப். பின்வரிசையைக் காப்பதோடு நிற்காமல், பந்தைப் பறித்து முன்வரிசைக்குத் தானே எடுத்துச் சென்று தாக்குதலைத் தொடங்கிவைக்கும் பாணியை வளர்த்தவர்களில் அவர் முதல்வரிசையில் இருந்தார். அந்த இடத்தில் ஆடுபவரின் கையில்தான் மொத்த ஆட்டத்தின் கடிவாளமும் இருந்தது. செல்டிக் அவரைத் தேடி வந்ததற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

செல்டிக் 1887 நவம்பரில் கால்டன் பகுதியிலுள்ள புனித மேரி தேவாலயத்தின் மண்டபத்தில் உருவானது. முன்னின்றவர் மாரிஸ்ட் சபைத் துறவி வால்ஃப்ரிட். கிழக்கு கிளாஸ்கோவின் ஏழைக் குழந்தைகளுக்குச் சோறு போட நிதி திரட்டுவது அவருடைய நோக்கம். உடனிருந்த ஜான் கிளாஸ் போன்றவர்களோ, வெல்லும் அணிக்குத்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் காசு வரும் என்பதை நன்றாக உணர்ந்தவர்கள். எடின்பரோவின் ஐரிஷ் கத்தோலிக்க அணியான ஹைபர்னியன் 1887இல் கோப்பையை வென்றிருந்தது. கெல்லி அங்கே போவார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். கிளாஸ் அவரைச் செல்டிக்குக்குக் கொண்டுவந்துவிட்டார். கெல்லி வந்ததும் மற்றவர்களுக்கும் துணிவு பிறந்தது. 1888இலேயே ஹைபர்னியனின் முக்கிய ஆட்டக்காரர் பலர் செல்டிக்குக்குத் தாவினர். 1891இல் ஹைபர்னியன் செயலற்றுப் போய், பிறகே மீண்டும் உயிர்பெற்றது.

காகிதத்தில் கெல்லி ஊதியம் பெறாத அமெச்சூர். ஆனால் செல்டிக்கில் சேர்ந்து அதிக காலம் ஆகுமுன்பே அவர் ஒரு மதுக்கடைக்கு உரிமையாளர். தொழிலாளர் குடும்பத்து இளைஞர் ஒருவர் அவ்வளவு விரைவில் அப்படியொரு முதலீட்டைச் சேர்த்ததைக் கண்டு சமகாலத்தவர் புருவம் உயர்த்தினர். அதில் வியப்பில்லை. இங்கிலாந்து 1885இலேயே தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கிவிட்டது. ஸ்காட்லாந்து 1893 வரை பிடிவாதமாக மறுத்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக லங்காஷயருக்கும் பர்மிங்ஹாமுக்கும் போனார்கள். போகாதவர்களை நிறுத்திவைக்கத் திரைமறைவில் பல வழிகள் கையாளப்பட்டன. அவற்றில் மதுக்கடையே மிகவும் பொருத்தமானது. குடியேறிய ஐரிஷ் மக்களுக்குப் பல தொழில்களின் கதவு அடைத்துக் கிடந்தபோது, சாராய வணிகம் திறந்திருந்தது. புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயர் பலகையில் இருந்தால் கடைக்கு வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை. கழகத்தின் கணக்குப் புத்தகத்திலும் ஊதியம் என்ற சொல் ஏறாது.

இதற்காகக் கெல்லியைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆயிரக்கணக்கானோர் நுழைவுக்கட்டணம் கொடுத்துப் பார்க்கும் ஆட்டத்தில், ஆடுபவனுக்கு மட்டும் கூலி கிடையாது என்ற விதி உழைப்பாளிக்கு இழைக்கப்பட்ட அநீதி. வருமானத்துக்குக் கவலையற்ற மேட்டுக்குடியினரின் ஒழுக்கநெறி, சாயத் தொட்டியில் நின்றவன் தலையில் சுமத்தப்பட்டது. அதன் கொடுமையைப் பெரிதும் அனுபவித்ததும் ரென்டன்தான். 1890இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் லீகில் அதுவும் ஓர் உறுப்பு. தொழில்முறைக் குற்றச்சாட்டில் தடைபெற்ற செயின்ட் பெர்னார்ட்ஸ் அணி, ‘எடின்பரோ செயின்ட்ஸ்’ என்ற மாற்றுப்பெயரில் வந்தபோது அதனோடு ஆடியதற்காக ரென்டன் அந்த ஆண்டே நீக்கப்பட்டது. நீதிமன்றம் சென்றுதான் திரும்பி வந்தது. பெரு நகர அணிகளின் பணபலத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1897இல் லீகை விட்டே வெளியேறியது.

கெல்லியின் பாதையோ நேர்மாறாக ஏறியது. செல்டிக்கின் முதல் அணித்தலைவராக (கேப்டனாக) அவர் ஆடிய காலத்தில் 1892இல் அதன் முதல் ஸ்காட்டிஷ் கோப்பை வந்தது. இறுதியில் குயின்ஸ் பார்க்கை 5–1 என வென்றனர். 1893, 1894, 1896 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டங்கள். ஸ்காட்லாந்துக்காக எட்டு முறை ஆடினார். 1893இல் தொழில்முறை ஆட்டம் சட்டபூர்வமானபோது, அதற்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் செல்டிக்கின் ஜே.எச். மெக்லாக்லின். அவருக்குப் பிறகு கழகத்தின் தலைமைக்கு வரப்போகிறவர் கெல்லி.

திருப்புமுனை 1897. அவ்வாண்டு செல்டிக் பங்குகள் கொண்ட வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாறியது. ஏழைகளுக்கு உணவளிக்கப் பிறந்த கழகம் பங்காதாயம் தரும் கம்பெனியாவதா என்று எதிர்ப்பு எழுந்தது. அதை மீறியே தீர்மானம் நிறைவேறியது. வால்ஃப்ரிட் 1892இலேயே லண்டனுக்கு மாற்றப்பட்டிருந்தார். தடுத்து நிறுத்தும் செல்வாக்குடைய குரல் அங்கே இல்லை. 1897இல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற கெல்லி, முதல் இயக்குநர் குழுவில் அமர்ந்தார். நேற்றுவரை ஆடிய கால்கள் இன்று நிறுவனத்தின் பங்குதாரர். கழகத்தின் நோக்கம் மாறியது எனக்கு இழப்பாகவே படுகிறது. ஆனால் வியர்வை சிந்தியவன் உரிமையிலும் பங்கு பெற்றான் என்பது அதே நிகழ்வின் இன்னொரு முகம்; இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மதுக்கடைகளும் முதலீடும் வளர, கெல்லி லானர்க்‌ஷயரின் பிளான்டயரில் செல்வாக்குள்ள மனிதரானார். செயலாளரும் மேலாளருமான வில்லி மேலியின் கீழ் செல்டிக் 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு லீக் பட்டங்களை வென்றது. 1909இல் மெக்லாக்லின் மறைந்ததும் கெல்லி தலைவரானார். 1914 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1932 பிப்ரவரியில் காலமானார்.

அவர் வாங்கிய பங்குகள் குடும்பத்திலேயே நிலைத்தன. மகன் ராபர்ட் கெல்லி 1947 முதல் 1971 வரை தலைவராக இருந்தார். அவர் காலத்தில்தான் செல்டிக் 1967இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. பேரன் கெவின் கெல்லியும் தலைவரானார். கடன் சுமையில் கழகம் திவாலாகும் நிலைக்கு வந்த 1994 மார்ச்சில் ஃபெர்கஸ் மக்கான் அதைக் கைப்பற்ற, கெல்லி குடும்பத்தின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது.