பொதுப்பாதையும் ப்ளே ஸ்டோரும்

கூகுளுக்கு அபராதம், மெட்டாவுக்கு அபராதம் என்று செய்தி வந்தால் நம் தோழர்கள் பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். பெரிய கம்பெனிகளுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டை, இதில் சேரிக்கு என்ன வேலை என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தச் சட்டத்தின் அடியில் இருக்கும் கருத்து நமக்குப் புதிதல்ல. எல்லோரும் போயே ஆகவேண்டிய பாதையைக் கையில் வைத்திருப்பவன், யார் போகலாம், என்ன கொடுத்துப் போகலாம் என்று தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கக் கூடாது. நம் முன்னோர் அடிவாங்கிக்கொண்டு கேட்டது இதைத்தான்.

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியிலிருந்து எழுதுகிறோம். துறையை வைத்திருப்பவரின் பலம் என்ன என்று ஆற்றங்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வரும் மாதத்தில் அக்கரைக்கு ஒரே தோணி என்றால், தோணிக்காரர் சொன்னதுதான் கூலி. 1912இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கும் ஆற்றைக் கடப்பது பற்றியதுதான். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் லூயிஸ் நகருக்கு ரயில் போகும் பாலங்களும் முனையங்களும் சில ரயில் கம்பெனிகளின் கூட்டுப் பிடியில் இருந்தன. பாலத்தை இடி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மற்ற கம்பெனிகளையும் நியாயமான, சமமான நிபந்தனையில் உள்ளே விடு என்றது. ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தைப் படிக்கிறவர்கள் இன்றும் அந்த வழக்கிலிருந்துதான் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915இல் எம்.ஏ. பட்டத்துக்காக அவர் கொடுத்த ஆய்வேட்டின் பொருள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஒரு நாட்டையே நடத்திய கணக்கை வரவு செலவோடு பார்த்தவர் அவர். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், அரசின் கட்டுப்பாடு விலகுவதைச் சுதந்திரம் என்கிறார்களே, அது தனியார் முதலாளியின் சர்வாதிகாரத்துக்கு இன்னொரு பெயர் என்று வாதிட்டார். செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுத் தீங்காகும்படி ஒரே இடத்தில் குவியக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 39ஆம் பிரிவில் இருக்கிறது. அதைக் காட்டித்தான் 1969இல் ஏகபோகத் தடைச் சட்டமே வந்தது.

பாதையைத் திறந்துவிடு என்ற கோரிக்கையோ நம் மண்ணில் அதற்கும் முந்தியது. 1924இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை நினைத்துப் பாருங்கள். பொதுச் சாலை, தெரு, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதுவானாலும் எந்தச் சாதியாரும் போகலாம், பயன்படுத்தலாம் என்றது அது. 1925இல் அரசிதழிலும் வந்தது. வந்து என்ன ஆயிற்று? செருப்புப் போட்டு நடக்க முடியாத தெருக்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இருந்தன. கதவு திறந்திருக்கிறது என்று காகிதம் சொல்வது ஒன்று, உள்ளே போக முடிவது வேறு. கூகுள் வழக்குகளைப் பார்க்கும்போதும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம்.

2002இல் போட்டிச் சட்டம் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் 2009இல்தான் நடைமுறைக்கு வந்தன. பெரிய கம்பெனியாக இருப்பதை அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை, அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் குற்றமாக்கியது. கூகுள் மீதான முதல் பெரிய வழக்கில் புகார்க்காரர்கள் இருவர். ஒன்று, நுகர்வோருக்காக வேலைசெய்யும் கட்ஸ் அமைப்பு. இன்னொன்று சென்னையின் மேட்ரிமோனி டாட் காம். தேடல் முடிவுகளில் கூகுள் தன் சொந்தச் சேவைகளை முன்னே தள்ளுகிறது என்று 2012இல் புகார் போனது. 2018 பிப்ரவரியில் 135.86 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. வாசல்காப்பவன் பாரபட்சம் பார்க்கிறான் என்று புகார் கொடுத்தது, சாதிவாரியாக வரன் தேடித் தரும் தளங்களை நடத்தும் கம்பெனி! சிரிப்பு வருகிறது. ஆனால் புகாரில் உண்மை இருந்தது, அதை மறுக்கவில்லை.

அடுத்த வழக்குதான் மாணவர்கள் படிக்க வேண்டியது. இந்தியாவில் 100 ஸ்மார்ட்போனில் 95க்கும் மேல் ஆண்ட்ராய்டு. ப்ளே ஸ்டோர் இல்லாத போனை யாரும் வாங்க மாட்டார்கள். அது வேண்டுமானால் எங்கள் மற்ற செயலிகளையும் சேர்த்தே ஏற்று என்று போன் தயாரிப்பவர்களிடம் கூகுள் ஒப்பந்தம் போட்டது. 2018இல் ஐரோப்பிய ஆணையம் இதற்காக 434 கோடி யூரோ அபராதம் போட்டதைப் பார்த்து, இங்கே புகார் கொடுத்தவர்கள் மூன்று பேர். ஒருவர் சட்டக் கல்லூரி மாணவர். மற்ற இருவர் ஆணையத்திலேயே ஆய்வு உதவியாளர்களாக இருந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. 2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஐந்து நாள் கழித்து ப்ளே ஸ்டோர் கட்டண முறைக்காகத் தனியாக 936.44 கோடி.

நுகர்வோருக்கு என்ன கிடைத்தது? போனைத் தொடங்கும்போது எந்தத் தேடுபொறி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதி செய்தாலும், ஆணையம் போட்ட பத்துக் கட்டளைகளில் நான்கை நீக்கிவிட்டது. முன்பே ஏற்றிய செயலிகளை நாமே அழிக்க விட வேண்டும் என்பது அதில் ஒன்று. எட்டாயிரம் ரூபாய் போனில் இடம் போதாமல், குழந்தையின் படத்தை அழித்து வாட்ஸப்புக்கு இடம் தேடுகிறவர்களுக்குத்தான் அந்த இழப்பு உறைக்கும். ப்ளே ஸ்டோர் அபராதமும் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைந்தது. வேறு வழியில் பணம் கட்டலாம் என்றார்கள். அப்படிக் கட்டினாலும் கூகுளின் பங்கு 4 சதவீதம்தான் குறையும், மீதியைக் கொடுத்தே ஆகவேண்டும். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கச் சந்தா கட்டும் பிள்ளையின் பணத்திலிருந்துதானே அதுவும் போகிறது? சரி, அபராதப் பணம் எங்கே போகும்? சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி இந்தியத் தொகுப்பு நிதிக்கு. இழப்பீடு வேண்டுமென்றால் தீர்ப்பாயத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

வாட்ஸப் விஷயம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலைப் பிரித்துக் கட்டியபோது, பழைய கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுத்துவைத்துத் திரும்பவும் கல்லில் வெட்டினார்கள், சோழர் காலத்தில். நிலம் வைத்திருந்தவர்களின் ஆவணம் அவ்வளவு பத்திரம். நம் பாட்டன்களைப் பற்றி அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. இன்றோ நாம் யாரோடு, எப்போது, எந்தப் போனிலிருந்து பேசுகிறோம் என்பதை ஒரு கம்பெனி எழுதிவைக்கிறது. செய்தியின் உள்ளடக்கம் மறையாக்கத்தில் இருக்கலாம், சுற்றியுள்ள விவரங்கள் அப்படி இல்லை. வன்கொடுமைப் புகார் மனுவைக் குழுவில் பகிர்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமா? 2021 ஜனவரியில் புதிய கொள்கையை ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ என்றார்கள். வெளியே எங்கே போவது? ஊரே அதற்குள் இருக்கிறது. 2024 நவம்பரில் ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி அபராதம் போட்டு, விளம்பரத்துக்காகத் தகவலை மற்ற மெட்டா நிறுவனங்களோடு பகிர ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. 2025 நவம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தை ஏற்றது. ஐந்தாண்டுத் தடையை நீக்கியது.

இதனால்தான், குற்றம் நடந்த பிறகு தண்டிப்பது போதாது, பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே விதி போட வேண்டும் என்கிறார்கள். அதற்கான டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளிவந்தது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் போதாமல்தான் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது என்பதை அறிந்த நமக்கு, இந்த வாதம் எளிதாகப் புரியும்.

யார் புகார் கொடுக்கலாம் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஓலா, ஊபர் கட்டணம் பற்றிய வழக்கில், உனக்கு என்ன பாதிப்பு, நீ யார் கேட்பதற்கு என்று புகார்க்காரரைத் தீர்ப்பாயம் திருப்பிவிட்டது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த இடத்தில் தீர்ப்பாயத்தைத் திருத்தியது. சட்டம் 'எந்த நபரும்' என்கிறது, நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை என்றது. புகார்க்காரர் கேட்ட நிவாரணம் கிடைக்கவில்லை. ஆனாலும் 'நீ யார் கேட்பதற்கு' என்பது நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கேள்வி என்பதால் அந்தத் தீர்ப்பைப் படித்துவையுங்கள்.

இப்போது பார்க்க வேண்டியது யுபிஐ. நாட்டின் யுபிஐ பரிவர்த்தனையில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு வால்மார்ட்டின் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியாகப் போகிறது. ரீசார்ஜுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சேவைக் கட்டணமும் வந்துவிட்டது. ஒரு செயலிக்கு 30 சதவீதத்துக்கு மேல் பங்கு கூடாது என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2020 நவம்பரிலேயே சொன்னது. கெடு முதலில் 2022 கடைசி. பிறகு 2024 கடைசி. இப்போது 2026 டிசம்பர் 31.