ஊன்றிய காலும் ஊடுகதிர்ப் படமும்

கால் என்னும் உறுப்புக்குத் தமிழில் வழங்கும் வினைகளை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஊன்றுதல், மிதித்தல், நிற்றல், நடத்தல், தாங்குதல் ஆகிய அனைத்தும் சுமை ஏறிய காலின் தொழில்களே. காலின் இயல்பு சுமத்தல் என்பதை மொழி என்றோ அறிந்திருந்தது. மருத்துவப் படக்கலை அதனை முழுதும் உணர்ந்து நடப்பதற்கோ ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாறு ஜொகூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அயலானதன்று.

1895ஆம் ஆண்டு நவம்பரில் செருமானிய அறிஞர் ரோண்ட்கன் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். அவர் எடுத்த முதற் படங்களுள் ஒன்று, மோதிரம் அணிந்த அவர் மனைவியின் கை எலும்புகளைக் காட்டியது. பொதுமக்கள் எக்ஸ்-ரே என வழங்கும் அக்கதிர் விரைவில் உலகெங்கும் மருத்துவமனைகளுக்குள் புகுந்தது. தொடக்கத்தில் ஒரு படம் பதிய நெடுநேரம் பிடித்தது. உறுப்புச் சிறிது அசைந்தாலும் படம் மங்கிவிடும். ஆதலின் நோயாளியைப் படுக்க வைத்தோ அமர வைத்தோ படம் எடுப்பது வழக்கமாயிற்று. எலும்பு முறிந்ததா, இல்லையா எனக் காண அது பெரிதும் போதுமானதாக இருந்தது.

ஆனால் பாதத்துக்கு மட்டும் அது போதவில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றை நாண்கள் இறுகப் பிணைத்து, உள்ளங்காலில் வில் போன்ற வளைவை அமைத்துள்ளன. காவடித் தண்டை எண்ணிப் பாருங்கள். சுமையின்றிச் சுவரில் சாய்த்து வைத்தால் அது நேராகவே தோன்றும். அதில் கீறல் உண்டா என்பது இருபுறமும் பாரம் ஏறிய பின்னரே வெளிப்படும். பாதமும் அத்தகையதே. படுத்திருக்கும்போது எலும்புகள் ஒழுங்காய் அமைந்தன போலத் தோன்றும். எழுந்து நின்றால் வளைவு தாழும், குதிகால் புறம் சாயும், அறுந்த நாணுள்ள இடத்தில் எலும்புகள் விலகும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் லிஸ்பிராங்கின் பெயரால் வழங்கும் நடுப்பாத மூட்டில் ஏற்படும் காயம், படுத்த படத்தில் மறைந்து நின்ற படத்தில் வெளிப்படுவது இக்காரணம் பற்றியே.

நின்ற பாதத்தை ஊடுகதிரால் பலரும் கண்டது மருத்துவமனையில் அன்று, சப்பாத்துக் கடையில் என்பது வியப்பான செய்தி. 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடைகளில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. சிறுவர் அதில் ஏறி நிற்க, சப்பாத்துக்குள் அவர்தம் விரலெலும்புகள் ஒளிர்வதைத் தாயும் கடைக்காரரும் கண்டு மகிழ்ந்தனர். கதிரின் தீமை உணரப்பட்டபின், 1957இல் பென்சில்வேனியா மாநிலம் அதனைத் தடை செய்தது; பிற இடங்களிலும் அது படிப்படியாக மறைந்தது. காண வேண்டியது நின்ற காலே என்பது சரிதான். காட்டிய முறையும் நோக்கமுமே பிழை.

மருத்துவர்கள் இதனை முறைப்படுத்தினர். குதிகாலின் சாய்வைப் பின்புறமிருந்து காணும் முறையை 1976இல் கோபே எழுதினார். 1995இல் சால்ட்ஸ்மனும் எல்-கூரியும் நோயாளியை மேடையில் நிற்க வைத்து எடுக்கும் முறையைத் திருத்தி அமைத்தனர். நிற்கவே இயலாதவர்க்கு என் செய்வது? அங்கேதான் நிற்றலைப் போலச் செய்யும் உத்தி பிறந்தது. படுத்தவரின் உள்ளங்காலில் ஒரு தட்டையான பலகையை வைத்து அழுத்திப் படம் எடுப்பர். உடற்குறுக்குப் படம் எடுக்கும் குழாய்க்குள் கிடப்பவர்க்குத் தோளில் வாரிட்டு, காற்பலகையோடு இழுத்துப் பிணித்து, பாரத்தை அளந்து ஏற்றுவதும் உண்டு. எனினும் போலி போலியே. நிற்கும்போது கெண்டைத் தசைகள் தாமே இயங்கி உடலைச் சமன் செய்கின்றன. பலகை அழுத்தத்தில் அவ்வியக்கம் முழுதும் வாராது. 2010ஆம் ஆண்டுக்குப் பின் பரவிய கூம்புக்கதிர்க் கருவிகள், நின்றபடியே பாதத்தின் முப்பரிமாணப் படத்தை எடுக்கின்றன.

பாதம் தாங்கும் பாரத்தை ஆராய்ந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் இடமுண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் கால்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என அந்நாளில் நம்பினர். உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமும் காயமுமே புண்ணுக்குக் காரணம் என அவர் காட்டினார். வலி என்னும் காவலன் இல்லாத பாதம், தன் துன்பத்தைத் தானே சொல்லாது. ஆகவே அழுத்தம் விழும் இடத்தைப் பிறர் கண்டறிய வேண்டும். அவ்விடத்தை மென்மையான நுண்துளை ரப்பர் மிதியடியால் காக்க வேண்டும். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், சாயம் நிறைந்த நுண்குமிழ்கள் பதித்த காலுறையை அணிவித்து நடக்கவிட்டு, குமிழ் உடைந்து நிறம் மாறும் இடங்களைக் குறித்தார். எப்னருடன் அவர் எழுதிய கட்டுரை 1969இல் வெளிவந்தது. கதிரில்லாமலே ஊன்றிய காலின் படத்தைப் பெற்ற முறை அது.

இனி ஜொகூருக்கு வருவோம். குளுவாங், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் வெறுங்காலோடு விடியலில் நிரைபிடித்துப் பால்வெட்டிய தலைமுறையின் மக்களும் பேரரும் இன்று பட்டணங்களில் வாழ்கின்றனர். அவர்களை இனிப்புநீர் என்னும் நீரிழிவு பற்றியுள்ளது. 2019ஆம் ஆண்டு நாட்டு நலவாழ்வு ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு அந்நோய் இருந்தது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிகுதி. நீரிழிவும் தொழுநோயைப் போலவே காலின் உணர்ச்சியை அவிக்கின்றது. 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, தண்டுவட நோயுற்றோரிடம் கண்ட மூட்டுச் சிதைவை, 1936இல் ஜோர்டன் நீரிழிவோடு தொடர்புபடுத்தினார். பாதம் சிவந்து வீங்கிச் சூடேறும். ஆனால் வலி சிறிதே இருக்கும், சிலர்க்கு இராது. அதன்மேல் நடந்துகொண்டே இருந்தால் வளைவு சரியும், புண் தோன்றும், ஈற்றில் காலே போகும்.

இங்கேதான் படத்தின் வேறுபாடு உயிர்நிலையாகின்றது. படுத்து எடுத்த படம் நன்றாயிருக்கிறது என்று வீடு திரும்பும் முதியவர், சுமை ஏறியபோது தம் பாதம் என்னவாகிறது என்பதை அறியார். அந்நோய் ஐயுறப்படும்போது இயன்றவரை நின்ற நிலையிலேயே படம் எடுக்குமாறு இன்றைய பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகின்றது. தொடக்க நிலையில் எந்த ஊடுகதிர்ப் படமும் குறையொன்றும் காட்டாமற் போகலாம் என்பதையும் மறத்தலாகாது. கால் ஊன்றலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அவர் தடுத்தால் தாமாக எழுந்து நிற்றல் கூடாது. ஆயினும், “ஐயா, இப்படம் நின்று எடுத்ததா, படுத்து எடுத்ததா?” எனப் பணிவோடு வினவும் உரிமை எவர்க்கும் உண்டு.

ஆசிரியப் பெருமக்கள் இச்செய்தியை மாணவர் வாயிலாக வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். தாத்தா பாட்டியின் உள்ளங்காலை நாள்தோறும் நோக்கி, வீக்கமோ சூடோ கண்டால், வலி இல்லை என்று அவர் சொன்னாலும், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் கற்பித்தல் வேண்டும். ஒரு குடும்பத்தை நெடுநாள் சுமந்த கால், தன் வலியைத் தானே சொல்ல இயலாத நாளில், அதற்காகப் பிறர் பேசுதல் கடமையாகும்.