டெம்ப் கோப்புறையும் கறுத்த திரையும்: ஒரு சிறு வரலாறு

வீட்டுக் கணினி மெதுவாகிப் போச்சா? திரை திடீர்னு கறுத்துப் போச்சா? இந்த இரண்டு தொல்லைகளின் வரலாறு தெரிந்தால், எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் புரிந்துவிடும்.

1981-இல் வெளிவந்த ஐபிஎம் கணினியில் டாஸ் நிரல்களுக்கு 640 கிலோபைட் நினைவகமே உச்ச வரம்பு. அதில் அடங்காததை நிரல்கள் வட்டில் தற்காலிகமாக எழுதி வைத்து, வேலை முடிந்ததும் அழித்தன. நடுவில் மின்சாரம் போனால்? கோப்பு அப்படியே கிடக்கும். எங்கே எழுதுவது என்பதிலும் ஒற்றுமை இல்லை. சில நிரல்கள் 'டெம்ப்' என்ற அமைப்பைத் தேடின. சில 'டிஎம்பி' என்பதை. வம்பே வேண்டாம் என்று இரண்டையும் வைத்தார்கள். இன்றைய விண்டோஸ் 11-இலும் இரண்டும் இருக்கு, போய்ப் பாருங்க!

விண்டோஸ் 98 வட்டுத் துப்புரவுக் கருவியோடு வந்தது. 2001-இல் வந்த எக்ஸ்பியில் ஒவ்வொரு பயனருக்கும் தனி டெம்ப் கோப்புறை இருந்தது.

ஒன்றை மறந்துடாதீங்க. டெம்ப் என்றாலே குப்பை என்று பொருளல்ல. வேர்ட் சேமிக்கும்போது புதிய வடிவத்தை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகுதான் பழையதன் இடத்தில் வைக்கிறது. சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் போனாலும் பழைய பிரதி தப்பிக்கும். ஆகவே இடுபணி எழுதும்போது கணினி முடங்கிவிட்டால், துப்புரவு செய்யாதீர்கள். முதலில் வேர்டைத் திறந்து, மீட்கப்பட்ட கோப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சேமித்துவிட்டு, எல்லா நிரல்களையும் மூடிய பிறகு அழிக்கலாம்.

இனி திரைக்கு வருவோம். 1987-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ தரத்தை மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. அதனால்தான் விண்டோஸ் 95-இன் பாதுகாப்பு முறை, அட்டை எதுவானாலும் 640 x 480 அளவில், 16 நிறத்தில் திரையைக் காட்டியது. இன்றும் அதே சோதனைதான்: பாதுகாப்பு முறையில் படம் ஒழுங்காக வந்தால், பெரும்பாலும் கோளாறு திரையில் இல்லை, இயக்கியில்தான்.

1996-இல் விண்டோஸ் என்டி 4.0, வேகத்துக்காக வரைகலை இயக்கியைக் கருவகத்துக்குள் கொண்டுபோனது. வேகம் கிடைத்தது, ஆனால் இயக்கி தடுக்கினால் முழுக் கணினியும் நீலத் திரையோடு விழுந்தது. இயக்கியின் பெரும்பகுதியை விஸ்தா மீண்டும் வெளியே எடுத்தது. அட்டை 2 விநாடி பதில் தராவிட்டால் இயக்கியை மட்டும் மீட்டமைக்கும் வசதியும் வந்தது. ஆனால் புதிய வகை இயக்கிகள் பக்குவப்படவில்லை. 2008-இல் அமெரிக்க வழக்கொன்றில் வெளியான மைக்ரோசாப்ட் ஆவணப்படி, பதிவான விஸ்தா முடக்கங்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டுக்கு என்விடியா இயக்கிகளே காரணம். பழி என்னவோ விஸ்தாவுக்குத்தான்!

விண்டோஸ் 10, 11-இல் திரை கறுத்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். இயக்கி மட்டும் மீட்டமையும். திறந்திருக்கும் கோப்பு போகாது. புதுப்பிப்புக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், சாதன மேலாளரில் பழைய இயக்கிக்குத் திரும்பும் பொத்தானைத் தேடுங்க.