காம்பின் நீளமும் கவசத்தின் வீழ்ச்சியும்

எடை மிகுந்த படைக்கலமே வலிய அடி தரும் என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். இடைக்கால ஐரோப்பிய வீரனின் வாளைச் சாதாரண மனிதனால் தூக்கவும் இயலாது என்பார் உளர். உண்மையில் ஒரு கையால் வீசப்பட்ட வாள்களிற் பெரும்பாலானவை ஏறத்தாழ 1 முதல் 1.5 கிலோ எடையே உடையன.

இதன் காரணத்தை இயற்பியல் எளிதாக விளக்கும். விரைவு மாறாதிருக்க, எடை இருமடங்கானால் இயக்க ஆற்றலும் இருமடங்காகும். எடை மாறாதிருக்க, விரைவு இருமடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். சுழலும் கோலின் நுனி, கையருகே உள்ள பகுதியைவிட விரைந்து செல்லும். விறகு பிளப்பவர் கோடரிக் காம்பின் கடைப்பகுதியைப் பற்றி ஓங்குவது இதனாலேயே. எனினும் காம்பை வரம்பின்றி நீட்டினால், அதைச் சுழற்றமாட்டாமல் தோள் தளரும். எடையையும் நீளத்தையும் மனிதத் தோளின் வலிமைக்கு இசைய அமைத்தலே கொல்லரின் திறம்.

அவ்விசைவு சுவிட்சர்லாந்து மலைநாட்டு உழவர் ஏந்திய ஹால்பர்டு என்னும் கருவியில் நன்கு விளங்குகிறது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள கழி. அதன் தலையில் கோடரியலகு, உச்சியில் ஈட்டிமுனை, பின்புறம் கூரிய கொக்கி. வளைந்த எஃகுக் கவசத்தின் மீது வாளின் விளிம்பு வழுக்கிச் செல்லும். இரு கைகளாலும் ஓங்கிய ஹால்பர்டின் விசையோ சிறு பரப்பில் குவிந்து, பேரழுத்தமாக இறங்கும்.

1315-இல் மார்கார்டன் மலைவழியில் ஆஸ்திரியக் குதிரைப்படை இவ்வுழவரிடம் தோற்றது. 1386-இல் செம்பாக் போர்க்களத்தில் ஆஸ்திரியக் கோமகன் மூன்றாம் லியோபோல்டு மாண்டான். 1477 சனவரி 5-ஆம் நாள் நான்சி நகர்ப்புறத்தே பர்கண்டிக் கோமகன் சார்லஸ் வீழ்ந்தான். இரு நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்ட அவனுடைய தலை ஹால்பர்டு அடியால் பிளவுண்டிருந்தது. பெருஞ்செல்வம் செலவிட்டுச் செய்த கவசத்தை, மரக்கழியும் சிறிதளவு இரும்பும் வென்றன. உயர்குடிப் பிறப்பும் தாழ்குடிப் பிறப்பும் இயற்பியல் விதிக்குத் தெரியா.

ஆயின் இவ்வெற்றியை மட்டும் போற்றி நாம் அமைதல் முறையாகாது. மார்கார்டனில் தம் மண்ணைக் காக்க எழுந்தனர் அம்மலைநாட்டார். நான்சியிலோ அவர் வழிவந்தோர் லொரேன் கோமகன் ரெனேயிடம் கூலி பெற்றுப் போரிட்டனர். கழியின் நீளமும் அடியின் ஆற்றலும் மாறவில்லை. ஓங்கிய கையின் நோக்கமே மாறிற்று. விசையை அளக்க விதி உண்டு. அறத்தை அளப்பது மனிதன் கடனே.